பழவேற்காட்டின் முகத்துவாரம்

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பொன்னேரியில் கிழக்கே திரும்பினால் சாலை பழவேற்காட்டில் போய் முடியும். ஊருக்குக் கிழக்கே ஏரி, ஏரிக்குக் கிழக்கே மெல்லிய மணல்திட்டு, அதற்கும் கிழக்கே வங்கக் கடல். வெளியூர்க்காரர்கள் வந்து நண்டும் இறாலும் வாங்குவார்கள், டச்சுக் கல்லறைகளைப் பார்ப்பார்கள், பாலத்தைக் கடந்து கலங்கரை விளக்கத்துப் பக்கம் போய்வருவார்கள். திரும்பும்போது பெரும்பாலும் ஒரு கதையையும் கொண்டு போவார்கள்: ஒரு காலத்தில் இது மதராஸைவிடப் பெரிய துறைமுகம்; முகத்துவாரம் தூர்ந்துபோனது, கப்பல் வர வழியில்லாமல் ஊர் படுத்துவிட்டது.

இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். மணல் இந்த ஊரைப் படுத்திய பாடு உண்மைதான். ஆனால் மணல் கெடுத்தது எதை, மனிதர்கள் கெடுத்தது எதை என்பதை நாம் மாற்றிப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏரி என்று அழைத்தாலும் இது மழைநீர் தேங்கும் ஏரி அல்ல; கடலோடு வாய் வைத்திருக்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இரண்டாவது பெரியது. வடக்கு தெற்காக 60 கிலோமீட்டர் நீளம். பரப்பு என்னவென்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. கடல்நீர் ஏறி மழையும் பெய்திருக்கும்போது 450 சதுர கிலோமீட்டர் என்பார்கள். வற்றிய காலத்தில் 250 வரை சுருங்கும். பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது, தென்முனை மட்டும் தமிழ்நாட்டில். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம் என்பது முதல் தடவை வருகிறவர்களுக்கு நம்ப முடியாததாக இருக்கும்.

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழி முடிந்து உயர்ந்த கடல்மட்டம் ஓரளவு நிலைபெற்ற பிறகு, அலைகள் கரைக்கு இணையாக மணல்மேடுகளை எழுப்பின. அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நீர்தான் இன்றைய ஏரி. அந்த மணல்மேடுகளில் பெரியது ஸ்ரீஹரிகோட்டா, இரண்டு முனையும் கூம்பி நடுவே பருத்த ஒரு தீவு. ஏரிப் படுகையில் கிளிஞ்சல் படிவுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நெடுங்காலம் அவற்றை வாரிச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

தெற்கே ஆரணியாறு வந்து கலக்கிறது. வடமேற்கில் காளங்கி, வடகோடியில் சுவர்ணமுகி. வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய பக்கிங்காம் கால்வாய் ஏரியின் ஓரமாகவே செல்கிறது. இந்த ஆறுகள் எல்லாம் ஆண்டு முழுவதும் ஓடுபவை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உண்டு. அந்தச் சில வாரங்களில்தான் ஏரியின் தலையெழுத்து தீர்மானமாகிறது.

எப்படி என்றால், கிழக்குக் கடற்கரையில் மணல் ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக அடித்து மணலை வடக்கு நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் அதே மணல் தெற்கு நோக்கி நகரும். வடக்கே தள்ளும் காலம் நீண்டது என்பதால் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கேதான் போகிறது. போகிற வழியில் ஏரியின் வாய் இருக்கிறது. ஏரிக்குள்ளிருந்து நீர் வேகமாக வெளியேறினால் வாய் திறந்திருக்கும். வேகம் குறைந்தால் மணல் மேவும். மழைக்காலத்தில் வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாய்கிறது. கோடையில் ஆறு வற்றி, ஏரி நீர் ஆவியாகி மட்டம் இறங்க, முகத்துவாரம் குறுகிக் குறுகிச் சில ஆண்டுகளில் அடைத்தே போகிறது. அடுத்த முறை வெள்ளம் உடைக்கும்போது அதே இடத்தில்தான் உடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. வரைபடத்தில் முகத்துவாரத்தை ஒரு புள்ளியாகக் குறித்தால் சில ஆண்டுகளில் அது பொய்யாகிவிடும்.

வாய் திறந்திருந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும், ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் வளரும், பருவம் வந்ததும் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். மடவை போன்ற மீன்களுக்கும் இதே போக்குவரத்துதான். வாய் அடைத்தால் எல்லாம் நிற்கும். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு என்றால், வற்றிய கோடையில் ஏரியின் வடபகுதியில் அதையும் தாண்டி 50 வரை ஏறும். மழைக்காலத்தில் ஆற்று முகங்களில் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும். ஒரே ஆண்டுக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உயிர்கள்தான் இங்கே பிழைக்கின்றன. அவற்றை நம்பி ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்கள்.

இனி வரலாறு. போர்ச்சுகீசியர்கள் வந்தபோது பழவேற்காடு ஏற்கெனவே விஜயநகர அரசின் முக்கியமான துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பர்போசா, இங்கே முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் நிறைந்திருந்ததையும், பர்மாவின் பெகுவிலிருந்து வந்த மாணிக்கக் கற்கள் விற்பனையானதையும் குறிப்பிடுகிறார். மேற்கே உள்ள ஊர்களில் நெய்த துணி இங்கே வந்து கப்பலேறி மலாக்காவுக்கும் பர்மாவுக்கும் போனது. 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா தேவாலயம் போர்ச்சுகீசியர் காலத்து அடையாளம். இன்று நிற்கும் கட்டடம் புதிது. மயிலாப்பூரில் புனித தோமையார் கல்லறையைத் தேடி 1517இல் போன போர்ச்சுகீசியர்களும் ஓர் ஆர்மீனிய வணிகரோடு பழவேற்காட்டில் இறங்கித்தான் போனார்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி இங்கே கிடங்கு வைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் அதை அடித்து நொறுக்கினார்கள். அந்த அடிக்குப் பதிலாக 1613இல் எழுந்ததுதான் கெல்ட்ரியா கோட்டை. டச்சு இயக்குநர் வெம்மர் வான் பெர்செம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் அதுவே ஆயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று அகழியும் முள்காடு மண்டிய மேடும்தான்.

டச்சுக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? அவர்கள் தேடியது இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அந்தத் தீவுக்காரர்கள் அவற்றுக்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலத் துணி. ஆகவே மசாலா வணிகம் நடக்கத் துணி வேண்டும், துணிக்குப் பழவேற்காடு வேண்டும். டச்சுக்காரர்கள் நேரடியாக நெசவாளியிடம் போகவில்லை. நடுவில் பெரிய செட்டியார்கள் இருந்தார்கள். டச்சு ஆவணங்களில் ‘மலாயா’ என்று வரும் தெலுங்கு வணிகரும் அவருடைய தம்பி சின்னண்ணாவும் கப்பல் வைத்திருந்தார்கள், அரசவைகளில் செல்வாக்கு வைத்திருந்தார்கள், கம்பெனிக்குத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளூர் அரசியலில் ஒரு தரப்புக்குப் படை உதவி செய்யும் அளவுக்கு அவர்கள் கை நீண்டிருந்தது. பழவேற்காட்டின் வளர்ச்சியை வெறும் ஐரோப்பியக் கதையாகச் சொல்லும்போது இந்தச் செட்டியார்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

கோட்டையை ஒட்டி வெடிமருந்துச் சாலை இருந்தது. டச்சுக்காரர்களின் ஆசியத் தலைமையிடமான படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) இங்கிருந்து வெடிமருந்து போனது. நாணயச்சாலை இருந்தது. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே இருந்து, பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தென்னிந்தியச் சமயத்தைப் பற்றி எழுதினார். 1651இல், அவர் இறந்த பிறகு, அந்த நூல் ஹாலந்தில் அச்சானது. சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியின் செய்யுள்கள் ஐரோப்பிய வாசகரிடம் முதன்முதலில் போய்ச் சேர்ந்தது அதன் வழியாகத்தான்.

இன்னொரு ஏற்றுமதி உண்டு. சுற்றுலாப் பலகைகள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1619இல் படேவியாவை நிறுவிய டச்சுக்காரர்கள் 1621இல் பண்டா தீவுகளைப் பிடித்து அங்கிருந்த மக்களைப் பெருமளவில் கொன்றும் விரட்டியும் தீர்த்தார்கள். பிறகு சாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லை. அந்த ஆள்கள் வந்த இடங்களில் சோழமண்டலக் கரையும் ஒன்று. பஞ்சமோ போரோ வரும்போதெல்லாம் பிள்ளைகளையும் தங்களையும் விற்றுக்கொள்ளும் நிலைக்கு மக்கள் வந்தார்கள். விலை இறங்கியதும் கம்பெனியின் கப்பல்கள் நிரம்பின. 17ஆம் நூற்றாண்டு முழுவதும் விட்டுவிட்டு நடந்த இந்த வணிகத்தில் பழவேற்காட்டிலிருந்தும் மற்ற டச்சுத் துறைகளிலிருந்தும் பல்லாயிரம் பேர் அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சு இடுகாட்டில் வாசலில் எலும்புக்கூடு உருவங்கள், உள்ளே பூவேலையும் குடும்பச் சின்னங்களும் செதுக்கிய பலகைக் கற்கள், ஒரு கல்லில் கோட்டையின் படமேகூட இருக்கிறது. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஊரில் எங்கும் ஒரு கல்லும் இல்லை. அந்த இடுகாட்டை அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஊர் எப்படிப் படுத்தது?

ஆங்கிலேயர்களும் முதலில் இங்கேதான் வந்தார்கள். 1621இல் டச்சுக்காரர்களோடு ஓர் ஒப்பந்தத்தின்படி பழவேற்காட்டில் கடை போட்டார்கள். ஒத்துப்போகவில்லை, இரண்டே ஆண்டுகளில் கிளம்பினார்கள். பிறகு இதே உப்பங்கழிக்கு வடக்கே துர்க்கராஜபட்டினத்தில், அவர்கள் ஆர்மகான் என்று அழைத்த இடத்தில், கொஞ்ச காலம் இருந்து பார்த்தார்கள். அங்கே நல்ல துணி கிடைக்கவில்லை. 1639இல் தெற்கே இறங்கி மதராஸில் இடம் வாங்கினார்கள்.

இப்போது மதராஸைப் பாருங்கள். காயல் கிடையாது, குடா கிடையாது, கப்பல் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. திறந்த கடலில் கப்பலை நிறுத்திவிட்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிச் சாமானையும் ஆளையும் நனைய நனையக் கரைசேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி வரை அங்கே துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் கட்டப்படவில்லை. ஆனாலும் வளர்ந்தது மதராஸ். பழவேற்காட்டிலும் பெரிய கப்பல்கள் ஒரு போதும் ஏரிக்குள் வந்ததில்லை. ஒரு மீட்டர் நீரில் எப்படி வரும்? வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகுகள் முகத்துவாரம் வழியாகப் போய்வந்தன. வாய் குறுகியபோது சிரமம் இருந்திருக்கும். ஆனால் மணல்தான் துறைமுகத்தைக் கொன்றது என்றால், மதராஸ் பிறந்திருக்கவே கூடாது.

நடந்தது வேறு. 1640களில் கோல்கொண்டாவின் படை மீர் ஜும்லாவின் கீழ் இந்தப் பகுதியைப் பிடித்தது. 1687இல் கோல்கொண்டாவையே ஔரங்கசீப் விழுங்கினார். தொடர்ந்த போர்களில் வடபகுதியின் நெசவும் சந்தையும் குலைந்தன. டச்சுக்காரர்களின் கையில் அதற்குள் இலங்கையின் கரையோரம் இருந்தது, 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்த நாகப்பட்டினமும் இருந்தது. இலங்கைக்குப் பக்கம், தஞ்சை நாட்டு நெல்லுக்கும் துணிக்கும் பக்கம். 1690இல் தலைமையிடத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். பழவேற்காடு இரண்டாம் தரத்துக்கு இறங்கியது. 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொள்ள, எஞ்சிய நிர்வாகம் பின்னர் இங்கே திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் டச்சுக்காரர்களே தேய்ந்திருந்தார்கள். 1795இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது, கோட்டையைத் தகர்த்தார்கள், 1818இல் கோட்டை இல்லாத ஊரை டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1824 உடன்படிக்கைப்படி 1825இல் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள்.

துணியின் கதையும் அதே வேளையில்தான் முடிகிறது. இங்கிருந்து போன கட்டம் போட்ட சாயக் கைக்குட்டைக்கு ஐரோப்பாவில் ஊர்ப்பெயரே பெயராக நின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அதே பெயரில் கைக்குட்டை நெய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். வாங்க ஆளில்லாத துணிக்கு முகத்துவாரம் எவ்வளவு ஆழமாக இருந்தால் என்ன?

வணிகம் போன பின்னும் ஊர் காலியாகிவிடவில்லை. மரைக்காயர்களும் லெப்பைகளும் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் அரபுத்தமிழ் ஏடுகள் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) இருந்தன, பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று இன்றும் இருக்கிறது. முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். விஜயநகர காலத்து ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புராங்கல்லில் கட்டியது. அதன் சின்னஞ்சிறு இராமாயணச் சிற்பங்களைக் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நீண்டது மீனவர்களின் ஏற்பாடு. பட்டினவர் என்ற மீனவச் சாதியினர் நடத்தும் ‘பாடு’ முறையில், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களில் எவர் எந்த நாள் வலை கட்டலாம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பங்களுக்கு இதில் முதல் உரிமை. நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலையைக் கட்டிவிட்டால் ஓட்டத்தில் வரும் இறால் தானே விழும். அதனால் இடம்தான் எல்லாம். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை வேறொருவருக்கு. இருப்பதைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் இதைப் பெரிதாகப் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குச் சமத்துவம் என்பது வெளியே இருப்பவர்களுக்குக் கதவடைப்பு. பிற சாதி மீனவர்களுக்கு அந்த இடங்கள் கிடையாது. இருளர்கள் இடுப்பளவு நீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். அவர்களுக்குக் குலுக்கலில் சீட்டு இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு ஏரிக்குள் இறங்கும் ஆள் பெருகியது, சண்டையும் பெருகியது.

1960களின் இறுதியில் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா தேர்வானது. தீவில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், சில மீனவக் குடும்பங்கள் இந்தப் பக்கக் கரைக்கு வந்து குடியேறின. தீவுக்கும் சூலூர்ப்பேட்டைக்கும் இடையே ஏரியின் குறுக்கே சாலை போட்டார்கள். சாலைக்கு வடக்கே நீரோட்டம் தடைப்பட்டு அந்தப் பகுதி சீக்கிரம் வற்றுகிறது. பூநாரைகளுக்கு ஆழமில்லாத சேற்று நீர் பிடிக்கும் என்பதால் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரிவதில்லை. வலை போடுகிறவருக்குத் தெரியும். ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குப் போகவும் தடை.

தெற்கே இன்னொரு கணக்கு நடக்கிறது. மணல் வடக்கு நோக்கிப் போகிறது என்று சொன்னேன் அல்லவா? கரையிலிருந்து கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் தொடங்கி வடக்கே கரை கடலுக்குள் போனதும் இப்படித்தான். பிறகு 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது, அதை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் கடலையும் கழியையும் பிரித்து நிற்பது ஒடுங்கிய மணல்வரம்பு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை வடக்கே பெரிதாக விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்த வரம்புதான் காரணம். அது அரித்து உடைந்தால் ஏரி என்ற ஒன்று தனியாக இருக்காது.

அடைத்துக்கொள்ளும் முகத்துவாரத்துக்கு மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது தூர்வாருதல். தாங்களே காசு போட்டு மணலை வெட்டிவிட்ட ஆண்டுகளும் உண்டு. அலை சில மாதங்களில் திரும்ப மூடிவிடும். கடைசியில் வாயின் இரு புறமும் கற்சுவர் எழுப்பி அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு எடுத்தது. படகு தட்டாமல் கடலுக்குப் போகலாம், இறால் குஞ்சு கோடையிலும் உள்ளே வரும் என்பதால் குப்பங்களில் அதற்கு வரவேற்பு இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கடலுக்குள் நீளும் சுவர் எதுவானாலும் வடபக்கத்துக் கரையை அரிக்கும். வாய்க்கு வடக்கே இருக்கும் மணலுக்கு யார் பொறுப்பு? இரண்டாவது, நகர்ந்துகொண்டே இருந்த வாய் ஓரிடத்தில் நின்றுவிட்டால் நீரோட்டத்தின் தடமும் ஓரிடத்தில் நிற்கும். எந்தப் ‘பாடு’ இடத்தில் இறால் விழும், எதில் விழாது என்பது மாறிப்போகும். அப்போது குலுக்கலில் எந்த இடங்களைச் சேர்ப்பது, எவரைச் சேர்ப்பது என்று குப்பங்கள் மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் இருளர்களுக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்பது பொறியாளர்கள் கையில் இல்லை.